பீரிசோடு வந்த தேநீர்

இரண்டு பெண்கள் வயல் வரம்பால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் மூத்தவர். அவருடைய கக்கத்தில் சுருட்டிய பாய் ஒன்று இருந்தது. பின்னால் வந்தவர் ஒரு தலையணையைப் பொலித்தீன் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார். மழை தூறியது. இருவருக்கும் சேர்த்து ஒரு கறுப்புக் குடை. அது இருவரின் தலைக்கு மேலும் இல்லை. பாய்க்கு மேலே பிடிக்கப்பட்டிருந்தது.

நானும் அம்ரிலும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கையில் தேநீர் மக். அதில் ஆவி பறந்தது.

"என்ர அக்காவும் தங்கச்சியும்," என்றான். "என்னக் கூட்டிற்றுப் போக வாறாங்க, மச்சான்."

அவனுக்கு அப்போது அறுபத்திமூன்று வயது. நாங்கள் நின்ற படி, படிக்குப் பின்னால் இருந்த வீடு, வீட்டின் நீலத் தகரக் கூரை எல்லாம் அவன் கட்டியவை. மனைவி யுஸ்னி இறந்து நூறு நாள் முடிந்திருந்தது. அவர்களுடைய வழக்கப்படி அன்றோடு அந்த வீட்டில் அவனுக்கு இடம் இல்லை.

இது நடந்தது மேற்குச் சுமத்திராவின் மலைநாட்டில், மினாங்கபாவு மக்களின் ஒரு கிராமத்தில். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

ஆணி என்னுடையது

இந்தத் தொடரில் கொழும்புப் பத்திரிகை அலுவலகத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். அதற்குப் பிந்திய வருடங்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். காரணம் எளிது. அந்த வருடங்களில் நான் பெட்டி அடுக்கினேன்.

மெல்பேர்னின் மேற்கில், ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கு. விடியற்காலை ஷிஃப்ட். நீதிமன்றச் செய்தி எழுதிப் பழகிய கைக்கு முதல் மாதம் கொப்புளம் போட்டது. இரண்டாம் மாதம் அம்ரில் கிடைத்தான்.

அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மதியத்தில் மிளகாய் போட்டு வறுத்த காய்ந்த மாட்டிறைச்சியைச் சூடாக்குவான். நான் கருவாட்டுக் குழம்பு. இரண்டு வாரத்தில் தேநீர் அறையிலிருந்து எழுத்து மூலம் முறைப்பாடு போயிற்று. மேற்பார்வையாளர் எங்கள் இருவருக்கும் என்று பழைய மைக்ரோவேவ் ஒன்றைப் பின்கதவுக்கு அருகில் வைத்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் மேசை, இரண்டு கதிரை. பதினோரு வருடம் அந்த மேசையில் சாப்பிட்டோம்.

கிடங்கிலிருந்த தமிழர்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் என்னை அப்படியே கூப்பிட்டான். மற்றபடி நாங்கள் பேசியது கிடங்கு இங்கிலீஷ். அதை இங்கே என் மட்டக்களப்புத் தமிழில்தான் தருகிறேன். அவன் பேச்சு என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஒரு நாள் காட்போட் மூடி ஒன்றைக் கிழித்து அதில் வீடு ஒன்று கீறிக் காட்டினான். மூன்று அறை, ஒரு பெரிய முன்கூடம், பின்னால் குசினி. ஓவர்டைம் செய்து செய்து ஊருக்கு அனுப்பி, வருடத்துக்கு ஒரு சுவராக எழுப்பிக்கொண்டிருந்தான்.

நான் என் பழைய தொழில்படி கேட்டேன். "காணி ஆரிட பேரில?"

"யுஸ்னிட உம்மாட. மறுகா யுஸ்னிட. மறுகா எங்கட மகள் ரீனாட."

"உறுதிப் பத்திரம் இருக்கா?"

"உறுதி என்னத்துக்கு? ஊருக்கே தெரியும்."

"அப்ப உனக்கு?"

அவன் யோசித்தான். "ஆணி என்ர," என்றான். "ஆணியெல்லாம் நான் இங்கயிருந்து கொண்டுபோனது. நல்ல ஆணி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குப் புதினமாக இருக்கவில்லை.

எங்கள் பக்கம்

ஏன் புதினமாக இருக்கவில்லை என்றால், மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. குடி என்கிற குலமும் தாய் வழி. மகள் கலியாணம் முடிக்கும்போது வீடு அவளுக்கு எழுதப்படும். மாப்பிள்ளை வந்து சேர்வார். பெற்றோர் பக்கத்தில் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண் பிள்ளைகள் அக்கா தங்கைக்குக் கல் அறுத்துக் கொடுத்துவிட்டு, வேறொரு பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள்.

மலர் அக்காவின் வீட்டுக்கு நான் பதினேழு வயதில் சீமெந்துக் கல் அறுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரங்களில். அச்சைத் தூக்கும்போது கல் உடையாமல் நிற்க வேண்டும். அதற்கு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டின் தென்கிழக்கு மூலை என் மூச்சில் நிற்கிறது என்று அக்காவிடம் பகிடியாகச் சொல்வதுண்டு. நான் கட்டியது யாழ்ப்பாணத்துப் பெண்ணை. பவானிக்கு இந்தக் கணக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"அப்ப உங்கட பங்கு என்ன?" என்று கேட்பாள்.

"அக்கா," என்பேன்.

சரியான பதில்தான். ஆனால் கடைசியாக ஊருக்குப் போனபோது டவுனில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தேன். அக்காவுக்கு முழங்கால் நோ. கோயிலுக்கே ஓட்டோவில்தான் போவா. அவவுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பகலில் போய்க் கதைத்துவிட்டு மாலையில் திரும்பினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாளும் சாப்பாடு கட்டி அனுப்பினா.

வயலைப் பிரிக்காதவர்கள்

அம்ரிலும் யுஸ்னியும் ஓய்வு பெற்று ஊரோடு போனார்கள். ரீனா இங்கே பிறந்தவள், இங்கேயே இருந்தாள். மெல்பேர்னின் கிழக்கில், மல்கிரேவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நாங்களும் அதற்குள் மல்கிரேவுக்கு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பவானியின் புட்டுக்கு வருவாள்.

புது வீட்டில் இரண்டாவது மழைக்காலத்தோடு யுஸ்னி போய்விட்டாள். நூறாம் நாளுக்கு ரீனா புறப்பட்டபோது பவானி என்னையும் அனுப்பினாள்.

"அந்த மனிசன் தனிய இருக்கும். ஒருக்கா போட்டு வாங்கோ."

கோலாலம்பூரில் மாறி, பாடாங்கில் இறங்கி, மூன்று மணி நேரம் மலை ஏறினோம். வளைவுகளில் கறுவாப்பட்டையைத் தெருவோரம் காயப்போட்டிருந்தார்கள். கார் கண்ணாடி மூடியிருந்தும் வாசனை வந்தது.

வளவில் இரண்டு வீடுகள். ஒன்று பழைய மரவீடு. எருமைக் கொம்புபோல் கூரையின் இரு முனையும் வானத்தைப் பார்த்து வளைந்திருந்தன. யாரும் குடியில்லை, கலியாணத்துக்கும் இழவுக்கும் மட்டும் திறப்பார்கள். அதற்குப் பக்கத்தில் அம்ரிலின் கல்வீடு. வாசலில் ஆஸ்திரேலியத் தபால் பெட்டி ஒன்று நட்டிருந்தான். எண் பதினான்கு. மெல்பேர்னில் அவன் குடியிருந்த வீட்டு இலக்கம். அந்த ஊருக்குத் தபால்காரர் வருவதில்லை. பெட்டிக்குள் கோழி ஒன்று முட்டையிட்டிருந்தது.

வீட்டுக்குக் கீழே படிப்படியாக வயல். மேல்படியின் நீர் கீழ்ப்படிக்கு மூங்கில் குழாயால் இறங்கும் சத்தம் நாள் முழுவதும் கேட்கும். அந்த வயல் யுஸ்னியின் தாய்வழிச் சொத்து. விற்க முடியாது. பிரிப்பதும் இல்லை. வயலைப் பிரிக்காமல் வருடங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்த வருடம் ஒரு சகோதரியின் விதைப்பு, அடுத்த வருடம் மற்றவருடையது. யாருடைய வருடம் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. நான் கேட்டபோது மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் நான் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை.

குடும்பத்தின் தலைவர் யுஸ்னியின் அண்ணன். எல்லாரும் அவரை டாத்துக் என்றார்கள், அது பட்டம். மனைவியின் வீட்டில் தூங்குவார். காலையில் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு இறந்த தங்கையின் வீட்டுக்கு வந்து வாய்க்கால், கோழி, கூரை எல்லாவற்றையும் விசாரிப்பார். அவருக்கும் சொந்தமாக ஒரு அறை கிடையாது. வார்த்தை மட்டும் உண்டு.

கணவன்மாருக்கு அங்கே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். வெட்டிய மரக்குற்றியில் கிடக்கும் சாம்பல். காற்று வந்தால் போய்விடும். அம்ரில் அதைச் சொன்னபோது மக்கின் மேல் ஊதிக் காட்டினான். கிடங்கில் கொடுத்த மக் அது. "பாதுகாப்பே முதல்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

வீட்டில் எல்லாரும் அப்படியான மக்கில், இல்லையென்றால் கிளாசில் குடித்தார்கள். கண்ணாடி அலுமாரிக்குள் நீலக்கரை போட்ட கோப்பையும், கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசுத் தட்டும் பன்னிரண்டு இருந்தன. விருந்தாளிகளுக்கு. எனக்கு ஒவ்வொரு முறையும் பீரிசோடுதான் வந்தது. கொண்டுவந்து வைப்பவர் எர்னி, யுஸ்னியின் தங்கை. ஐம்பது வயதிருக்கும். கணவன் இறந்தவர். பேச மாட்டார். தட்டை வைத்துவிட்டுப் பின்னால் போய்விடுவார். அவரைப் பற்றி அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

நான் கேட்காத கேள்வி

நூறாம் நாள் தொழுகை முடிந்த பின்னேரம் ரீனா மீன்குளத்தருகே என்னைப் பிடித்தாள். கண் வீங்கியிருந்தது.

"அங்கிள், நாளைக்கு அப்பாவை மாமிமார் கூட்டிப்போகப் போறாங்களாம். அவர் கட்டின வீட்டிலிருந்து. அப்படிச் செய்யலாமா? இது லீகலா?"

ஒன்பது வருடம் நீதிமன்ற நிருபர் வாங்கில் உட்கார்ந்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"உங்கட வழக்கப்படியே பார்த்தாலும் வீடு அம்மாவுடையது," என்றேன். "அம்மாவுக்குப் பிறகு அது உன்னுடையது. அப்பா இருக்கட்டும் என்று நீ சொன்னால் போகச் சொல்ல ஒருவருக்கும் முடியாது."

"நான் சொல்லலாமா?"

"நீ மட்டும்தான் சொல்லலாம்."

அவள் முகம் தெளிந்தது. குளத்துக்குள் ஒரு பிடி தவிடு போட்டாள். மீன்கள் வாய்களாக எழும்பின. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் அன்று சாப்பிட்டேன்.

மறுநாள் அந்தப் பாயும் தலையணையும் வரம்பால் வந்தன.

முன்கூடத்தில் கம்பளம் விரித்திருந்தது. டாத்துக் நடுவில். அம்ரிலின் அக்கா நூர், பாயைத் தன் மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்தார். எர்னி நீலக்கரைக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். வாழைக்காய்ப் பொரியலும் வைத்தார். சுற்றி வளைத்து மழை, விளைச்சல், உடல்நலம் என்று பேச்சு போயிற்று. அப்போது ரீனா எழுந்து நின்றாள். நின்று பேசுகிற இடமல்ல அது.

அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு அம்ரில் எனக்குச் சொன்னான். "இந்த வீடு என்னுடையது. அப்பா இங்கேயே இருப்பார். அவர் எங்கேயும் போகத் தேவையில்லை."

டாத்துக் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அம்ரில் கண்ணை மூடினான். குசினிப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்ட சத்தம்.

நூர் அக்கா உரத்துப் பேசவில்லை.

"எங்கட ஊட்டுல தம்பிக்கு இடமில்லெண்டு ஆரு சொன்ன?"

அவர் பாயைக் கக்கத்தில் இடுக்கினார். தங்கை தலையணையை எடுத்தார். இருவரும் வந்த வரம்பாலேயே திரும்பினார்கள். இம்முறை குடை விரிக்கவில்லை.

இரண்டு கோப்பைத் தேநீரும் தொடப்படாமல் இருந்தது. மேலே ஆடை கட்டும் வரை யாரும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலை பின்பக்கம் போனேன். குசினிக் கதவடியில் ஒரு துணி மூட்டையும் ஒரு சூட்கேசும் இருந்தன. எர்னி தன் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்ரிலைத் தேடிப் போனேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"எர்னி எங்க போறா?"

"டவுனுக்கு. சாச்சிட மகளிட்ட."

"ஏன்?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லது.

"மச்சான், நாங்க மெல்பேர்ன்ல இருக்கேக்க இந்த ஊட்டப் பாத்தது ஆரு? அவ. குசினிக்குப் பக்கத்து அறை அவட. இது அவட உம்மாட காணி. நான் பொஞ்சாதி இல்லாத ஆம்பிள. அவ புருசன் இல்லாத பொம்பிள. நான் இங்க நிண்டா ஊரு என்ன கேக்கும்? ஒண்டு நான் அவளக் கலியாணம் முடிக்கணும். இல்லாட்டி அவ போகணும். எனக்கு அவள முடிக்க விருப்பமில்ல. அவவுக்கும் என்ன முடிக்க விருப்பமில்ல. அதுக்குத்தான் அக்கா பாயோட வந்தவ."

குசினிக்குப் பக்கத்து அறையில் தூங்குவது யார் என்று நான் கேட்டிருக்கவில்லை. நாலு நாள் அந்த அம்மாவின் கையால் தேநீர் வாங்கிக் குடித்திருந்தேன். கத்துக்குட்டி நிருபர்கூட வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் கேட்பான்.

"அப்ப நீயே எழும்பி அக்கா ஊட்ட போ," என்றேன்.

"தானாப் போனா துரத்திவிட்ட ஆள், மச்சான். அவங்க வந்து கூட்டிற்றுப் போனா அந்த ஊட்டுப் பிள்ள." ஒரு குச்சியால் மண்ணில் கீறினான். "எங்கள அடக்குற மையவாடியும் உம்மா வழிதான். யுஸ்னி அவட ஆக்களோட கிடக்கிறா. நான் என்ர உம்மாக்குப் பக்கத்தில கிடக்கணும். அக்கா ஏத்துக்கொள்ளாட்டி அதுவும் இல்ல."

பெட்டிக்குள் கோழி கொக்கரித்தது. அவன் கையை விட்டு முட்டையை எடுத்தான். சூடான முட்டை. எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் தந்தான்.

குழைந்த சோறு

யார் போய் நூர் அக்காவிடம் கேட்பது? டாத்துக் போனால் அது மனைவி வீட்டார் ஆளைத் தள்ளிவிடுவதாகும். அம்ரில் போக முடியாது. வெளியே போன வார்த்தையை, அதைச் சொன்னவள்தான் போய் எடுக்க வேண்டும்.

ரீனா அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "யூ ஆர் கமிங், அங்கிள்," என்றாள். "நீங்கதானே சொல்லித் தந்தீங்க."

எர்னி மூட்டையை அவிழ்க்கவில்லை. ஆனால் சமைத்தார். அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் ரெண்டாங் என்கிற மாட்டிறைச்சிப் பிரட்டல், பலாக்காய்க் கறி, ஒரு தட்டில் சோறு. ரீனா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தாள். இருபது நிமிட நடை. இரண்டு முறை சேற்றுக்குள் கால் வைத்தாள். நான் மூன்று முறை.

நூர் அக்கா வாசலில் கறுவாப்பட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. ரீனா பெட்டியை அவருக்கு முன்னால் வைத்தாள். அவள் இந்தோனேசிய மொழியிலும் அரைகுறை மினாங்கிலும் பேசினாள். திரும்பும் வழியில் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"மாமி, தெரியாமச் சொல்லிட்டன். அப்பாவ வைக்க எனக்கு அங்க இடமில்ல. வந்து கூட்டிற்றுப் போங்க."

"ஊட்டுக்காரி நீதானே." கை பட்டையைப் புரட்டியது. "இண்டைக்கு இடமில்லையோ? நேத்து இருந்ததே. அதுக்குள்ள வாடகைக்கு விட்டிற்றாயா?"

"இல்ல மாமி."

"மெல்பேர்ன்ல இருந்து ஒரு லோயரையும் கூட்டி வந்திருக்கிறா." இது என்னைப் பார்த்து.

"அவர் லோயர் இல்ல. பேப்பர்ல எழுதினவர்."

"அது இன்னும் மோசம்."

பெட்டியைத் திறந்தார். ரெண்டாங்கை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இது எர்னிட கை." சோற்றை அழுத்திப் பார்த்தார். "இது ஆரு?"

"நான்."

"அதான். குழைஞ்சு கிடக்கு."

உள்ளேயிருந்து தங்கையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நூர் அக்காவும் வாயை மூடிக்கொண்டார். ரீனா அழுகையும் சிரிப்புமாக நின்றாள். பிறகுதான் பாய் ஒன்று விரிக்கப்பட்டு நாங்கள் உட்கார வைக்கப்பட்டோம்.

சாப்பிடும்போது நூர் அக்கா என்னைக் காட்டி ஏதோ கேட்டார். ரீனா மொழிபெயர்த்தாள். "உங்களுக்கு அக்கா இருக்காவா என்று கேட்கிறா."

"இருக்கா," என்றேன்.

"அவங்க வீட்டில் உங்களுக்குப் பாய் இருக்கா என்று கேட்கிறா."

"கட்டிலே இருக்கு என்று சொல்," என்றேன்.

அது நான் உறுதிப்படுத்தாத தகவல். பத்திரிகையில் என்றால் போட்டிருக்க மாட்டேன்.

அவன் கொண்டுபோனவை

அடுத்த நாள் வெயில். அதே பாய், அதே தலையணை, பொலித்தீன் இல்லாமல். எர்னியின் மூட்டை கதவடியில் இல்லை. கோப்பைகள் வந்தன. நூர் அக்கா முதல் மிடறிலேயே பாதியைக் குடித்தார்.

டாத்துக் நீண்ட நேரம் பேசினார். அதன் கடைசிப் பகுதி இது. "எங்களிட்ட இரவலாத் தந்த பிள்ளையத் திருப்பித் தாறம். எங்கட பக்கம் குறை இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க."

"தந்ததும் நாங்க, கொண்டுபோறதும் நாங்க," என்றார் நூர் அக்கா. "ஆள் கொஞ்சம் தேஞ்சிருக்கிறான். பரவாயில்ல."

அம்ரில் ஒரு உடுப்புப் பை, தொழுகைப் பாய், கிடங்கு மக் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டான். சுவரில் யுஸ்னியின் படம் இருந்தது. அதை எடுக்கவில்லை. அது அவளுடைய வீடு. வாசலில் நின்று நிலைக்கதவை ஒரு முறை தட்டிப் பார்த்தான், மரம் பார்க்கிற தச்சனைப் போல. பிறகு இரண்டு சகோதரிகளுக்கும் நடுவே வரம்பில் இறங்கினான். வழுக்கும் இடத்தில் நூர் அக்கா அவன் முழங்கையைப் பிடித்தார். அவனுக்கு அந்த வரம்பு பிறந்ததிலிருந்து தெரியும்.

ரீனா தபால் பெட்டியைப் பிடித்தபடி அவர்கள் சிறிதாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மல்கிரேவில், ஒரு ஞாயிறு

சில மாதங்கள் கழித்து அவன் வீடியோவில் வந்தான். எங்கள் குசினியில் பவானி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ரீனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரையில் அவன் ஒரு சின்ன ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு அப்பால், வயல்களுக்கு மேலே, நீலமாக ஒரு தகரத் துண்டு தெரிந்தது.

"கூரை ஒழுகுதெண்டு எர்னி ஆள் அனுப்பினா," என்றான். "போனன். ஏணி வேணும் தானே? என்ர ஏணிய நான் போய்க் கேட்டு வாங்கினன், மச்சான். டாத்துக் கவனமாப் பாவியுங்கோ எண்டு சொல்லித் தந்தார்."

ரீனா துருவுவதை நிறுத்தினாள்.

"ஏறினன். என்ர ஆணியில பிழையில்ல. தகரம்தான். அடைச்சிட்டு இறங்கினன். உள்ள கூப்பிட்டு இருத்தினாங்க. எர்னி தேத்தண்ணி கொண்டு வந்தா." அவன் குனிந்து எதையோ தேடுவதுபோல் இருந்தான். நிமிர்ந்தபோது சிரித்தான். "பீரிசோட."

புட்டுக் குழலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"நீலக்கரைக் கோப்பை," என்றான். "நான் மெல்பேர்ன்ல வாங்கினது. யுஸ்னி என்னை அதில ஒரு நாளும் குடிக்க விடல்ல."

"எப்படி இருந்தது, அப்பா?" என்றாள் ரீனா.

"சீனி கூட. விருந்தாளிக்கெல்லோ."

உள்ளேயிருந்து நூர் அக்கா அவனைக் கூப்பிடும் குரல் கேட்டது. சாப்பாடு ஆறுகிறதாம். அறுபத்திமூன்று வயது மனிதன் "வாறன், வாறன்" என்று அவசரமாக ஃபோனை வைத்தான்.

நான் பின்வளவுக்குப் போய் மலர் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். கோழிச் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, இந்த நேரத்தில?"

"சும்மா அக்கா. மேற்குப் பக்கத்து அறையில என்ர கட்டில் கிடக்கா?"

"கிடக்கு. ஏன்?"

"போன முறை நான் ஹோட்டல்ல நிண்டது..."

வாளியை எங்கோ நகர்த்தும் சத்தம்.

"மெத்தையக் காயப்போட்டு வச்சனான்," என்றா. "மழை வந்தா எடுத்து வைக்கிற. வெயில் வந்தா மறுகா போடுற. அஞ்சு நாளும். மறுகா நீ பிளேன் ஏறிற்றாய் எண்டாங்க. எடுத்து மடிச்சு வச்சிற்றன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ பெரிய ஆள். உனக்கு வசதி எது எண்டு நான் சொல்றதா?"

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கினார். நான் அது ஓயும் வரை காத்திருந்தேன்.

"தையில வாறன் அக்கா."

"எந்த ஹோட்டல்?"

"ஹோட்டல் இல்ல. ரெயில்ல வாறன். ஸ்டேசனுக்கு ஆரையாவது அனுப்புங்க."

"உனக்கு வழி மறந்து போச்சா?"

"வழி தெரியும். இருந்தாலும் அனுப்புங்க. வந்து கூட்டிற்றுப் போகட்டும்."

மறுமுனையில் வாளி கீழே வைக்கப்பட்டது.

"ஆர அனுப்புற," என்றா அக்கா. "நானே வாறன்."